தனிக் கண் பரிசோதனை மையத்தில் வேலைக்குச் சேரலாமா?

கேள்வி: நான்காண்டு ஆப்டோமெட்ரி (கண் பார்வைப் பரிசோதனை) பட்டப்படிப்பை முடித்து, கோவையில் பெரிய கண் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றுகிறேன். சென்னிமலையில் ஒருவர் தனியாக நடத்தும் கண் பரிசோதனை மையத்திலிருந்து அழைப்பு வந்துள்ளது. ‘படித்துவிட்டுக் கண்ணாடிக் கடைக்கா போகிறாய்?’ என்று வீட்டில் வருந்துகிறார்கள். போகலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: போகலாம், ஆனால் சிலவற்றைக் கேட்டறிந்த பிறகு.

பெரிய மருத்துவமனையில் பவர் பார்த்து அடுத்த அறைக்கு அனுப்பியதோடு உங்கள் பங்கு முடிந்துவிடுகிறது. எழுதிக் கொடுத்த கண்ணாடி வந்தவருக்கு ஒத்துக்கொண்டதா என்பது பெரும்பாலும் தெரிய வராது. தனி மையத்திலோ அதே மனிதர் மறு வாரமே உங்கள் எதிரில் வந்து அமர்வார். எனக்கு இதை உணர்த்தியவர் ஒரு நெசவாளர். அறுபதைத் தாண்டிய அவருக்கு வெள்ளெழுத்துக்காக வழக்கப்படி 2.50 பவர் கூட்டிக் கொடுத்தேன். 40 சென்டிமீட்டரில் செய்தித்தாளைத் தடையின்றிப் படித்துக் காட்டியவர், மூன்றாம் நாள் வந்து, “தறியில அறுந்த இழை தெரியலைங்க” என்றார். தறியில் அமர்ந்தால் இழை அவர் கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் அளவில் இருந்தது. அந்தத் தூரத்துக்கு 1.75 போதும், அதற்கு மேல் கூட்டினால் இழை மங்கத்தான் செய்யும். அன்று முதல் எவரிடமும் தொழிலைக் கேட்காமல், அவர் வேலை செய்யும் தூரத்தை அளக்காமல் நான் பவர் எழுதியதில்லை. தறிக்காரரும் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பெண்களும் வந்துபோகும் நம் பகுதியில் இதற்கு நேரம் ஒதுக்குவது மிகவும் முக்கியம். ஒருவருக்கு அரை மணி நேரமாவது கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

அடுத்து, கண் அழுத்தம் பார்க்கும் கருவியும் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்பும் அங்கே உள்ளனவா, ஐயம் எழுந்தால் எந்த மருத்துவரிடம் அனுப்புகிறார்கள் என்பதைக் கேளுங்கள். கண் அழுத்த நோயான குளுக்கோமா தொடக்கத்தில் வலிப்பதில்லை. பார்வை அட்டையில் இயல்பான பார்வைக்குரிய 6/6 வரியைப் படித்துவிடும் சர்க்கரை நோயாளிக்கும் விழித்திரையில் கசிவு தொடங்கியிருக்கலாம். ஆண்டுக்கொரு முறை விழித்திரையைப் பார்க்கச் சொல்லி அனுப்பும் உரிமை உங்களுக்கு முழுமையாக இருக்க வேண்டும்.

சம்பளத்தைப் பிரேம் விற்பனையோடு இணைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கண்ணாடி மாற்றத் தேவையில்லை என்று சொல்ல வேண்டிய வாய் அப்போது தயங்கும். இதில் நான் மிகவும் பிடிவாதக்காரன்.

வீட்டாரிடம், 2021ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஆப்டோமெட்ரியையும் சுகாதாரத் தொழில்களுள் ஒன்றாக ஏற்றிருப்பதைச் சொல்லுங்கள். முடிந்தால் ஒப்புக்கொள்ளும் முன் ஒரு நாள் முழுவதும் அந்த மையத்தில் அமர்ந்து, பழைய கண்ணாடியோடு குறை சொல்லி வருபவரை அவர்கள் எவ்வாறு நடத்துகிறார்கள் என்று கவனியுங்கள்.