டம்ளர் கழுவுகிற இடம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். தெருப் பலகைகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், ஒரு பள்ளிப் பிள்ளைகளோடு நான்கு சனிக்கிழமைகள் உட்கார்ந்து குறியீடுகள் செய்து பார்த்ததாக ஒரு வரி வரும். அதைப் பிடித்துக்கொண்டு ஏழாம் வகுப்பில் நானும் முயன்றேன். ‘சின்னங்களும் வடிவமைப்பும்’ என்று தலைப்புக் கொடுத்து, ரூபாய்க் குறியைப் பற்றிச் சொல்லி ஆரம்பித்தேன். ஒரு வாரம் கழித்து 32 பேரும் சார்ட் கொண்டுவந்தார்கள். பாதிக்கு மேல் ஒரே படங்கள், ஊரில் இருக்கிற ஒரே பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட். அழகாக ஒட்டி ஓரத்தில் ஜிகினாவும் வைத்திருந்தார்கள். எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. எங்கே தப்பு செய்தேன்? எனக்கு ஓவியம் வராது, டிசைன் படித்ததும் இல்லை. என்னைப் போன்ற ஒருத்தி இதைச் சொல்லித்தர முடியுமா? மதிப்பெண் எப்படிப் போடுவது?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

நீங்கள் கொடுத்தது ஒரு தலைப்பு. தலைப்பைக் கொடுத்தால் பிள்ளைகள் சேகரிப்பார்கள், அப்படித்தான் நாம் பழக்கி வைத்திருக்கிறோம். பாடநூலில் அதற்குப் பெயர் செயல்திட்டம். வீட்டில் அது ‘ப்ராஜெக்ட்’, அதாவது ராத்திரி எட்டு மணிக்கு ஞாபகம் வந்து அப்பா ஸ்டேஷனரி கடைக்கு ஓடுவது. அவர்கள் மேல் தப்பில்லை, உங்கள் மேலும் பெரிதாக இல்லை. யாருக்கு எதைச் சொல்வதற்காகச் சின்னம் வரைய வேண்டும் என்பது மட்டும் அந்தத் தலைப்பில் விட்டுப்போயிற்று.

நான் போன பள்ளியில் கை கழுவும் சுவரில் இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்றில் குடிநீர், இன்னொன்றில் போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. இரண்டும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் குழாய். ‘குடிநீர்’ என்று பெயிண்டில் எழுதித்தான் இருந்தது, ஆனால் ஒன்றாம் வகுப்புக்கு இன்னும் எழுத்துக் கூட்ட வராது, செங்கல் சூளைக்கு ஒடிசாவில் இருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆறேழு பேருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. வாரத்துக்கு ஒரு குழந்தையாவது உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வாந்தி எடுக்கும். சரி, எழுத்தே இல்லாமல் இந்த இரண்டு குழாய்களையும் பிரித்துக் காட்டுங்கள் என்று ஏழாம் வகுப்பிடம் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

முதல் சனிக்கிழமை வந்த படங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். குடிநீருக்குத் தண்ணீர் நிரம்பிய டம்ளர், உப்புத் தண்ணீருக்கு அதே டம்ளர் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. நன்றாகவே வரைந்திருந்தார்கள், ஒரு டம்ளரில் வெளிச்சம் பட்டு மின்னுவதுகூட இருந்தது. ஒன்றாம் வகுப்பில் இருந்து ஒரு பையனைக் கூப்பிட்டு வந்து, ஒரு வார்த்தை விளக்கம் கொடுக்காமல், இது என்ன என்று கேட்டோம்.

“டம்ளர் கழுவுற எடம்.”

அப்போ இது? பெருக்கல் குறியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இதுல தண்ணி வராது” என்றான். அடுத்து வந்த சிறுமி “தப்பு” என்றாள். நோட்டில் டீச்சர் பெருக்கல் குறி போட்டால் வேறென்ன அர்த்தம்? வரைந்த பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. “அவனுக்கு ஒண்ணும் தெரியல சார்” என்றான். பக்கத்தில் இருந்தவள், “தெரியாதவனுக்குத்தானடா வரையறோம்” என்றாள். அதற்கப்புறம் நான் பேச வேண்டிய தேவையே பெரிதாக இல்லை.

அடுத்த வாரம் அவர்கள் குழாயடியில் போய் நின்று பார்த்திருக்கிறார்கள். அந்தப் பள்ளியில் யாருமே டம்ளரில் குடிப்பதில்லை, கையைக் குவித்துத்தான் குடிக்கிறார்கள். ஆகவே குவித்த கை வந்தது. அதைப் பார்த்த சின்னப் பிள்ளைகள் “காசு கேக்குறாங்க” என்று சிரித்தார்கள். கைக்கு மேலே தண்ணீர்க் கோடு, கைக்குப் பக்கத்தில் வாய், அவ்வளவு சேர்த்ததும் சரியாகப் போயிற்று. இன்னொரு குழாய்க்குச் சத்துணவுத் தட்டை வரைந்தார்கள், தட்டு கழுவும் தண்ணீர் என்று. குடிக்காதே என்பதைப் படமாகச் சொல்ல மூன்று வாரம் மல்லுக்கட்டியவர்கள், எதற்கான தண்ணீர் என்று சொல்லிவிட்டால் போதும் என்பதைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், நான் மனதுக்குள் மண்டையோடு வரை போயிருந்தேன்.

உங்களுக்கு ஓவியம் வராதது நல்லது என்றுதான் சொல்வேன். ஓவியம் தெரிந்த ஆசிரியர் பென்சிலை வாங்கிக் கோட்டைத் திருத்திவிடுவார். பிள்ளைகளுக்கும் வராவிட்டால் கறுப்புத் தாளைக் கத்தரிக்கட்டும், வளையலும் ஸ்கேலும் பாட்டில் மூடியும் வைத்து வரையட்டும். 1920-களில் வியன்னாவில் ஓட்டோ நொய்ராத் என்பவர், சாதாரண ஜனங்களுக்குப் புள்ளிவிவரத்தைப் படங்களாகக் காட்ட ஓர் அருங்காட்சியகமே நடத்தினார். அங்கே கெர்ட் ஆர்ன்ட்ஸ் செய்த மனித உருவங்கள் லினோலியத்தில் வெட்டி எடுத்தவை. கத்தியால் வெட்டும்போது சட்டைப் பொத்தானுக்கும் மூக்குக்கும் எங்கே இடம்? அளவு ஒரு உள்ளங்கை, நிறம் கறுப்பு மட்டும், பத்தடி தள்ளி நின்று பார்த்தால் தெரிய வேண்டும். இந்த மூன்று கட்டுப்பாடு போதும், ஜிகினா தானாக உதிர்ந்துவிடும்.

குறி என்பது புதிதாக எங்கிருந்தோ வந்தது என்ற எண்ணமும் பிள்ளைகளிடம் இருக்கிறது. ஒரு வாரம் ஊரைச் சுற்றிப் பார்த்து வரச் சொல்லுங்கள். ஆட்டுக்காரர் தன் ஆடுகளின் முதுகில் வைக்கிற பெயிண்ட், பால்காரர் சுவரில் இழுக்கிற சாக்பீஸ் கோடு, பாத்திரத்தில் வெட்டின எழுத்து. எங்கள் வீட்டுத் துணிக்கு வெளுப்பவர் போடும் குறி இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும். சேராங்கொட்டைச் சாற்றில் போட்டது, துணி கிழிந்தாலும் அது போகாது. எங்கள் தெரு முழுவதும் அவருக்கு அப்படி மனப்பாடம், ஒரு நாளும் துணி மாறியதில்லை. அதைப் படித்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது, அவருக்குப் புரிந்தால் போதும் என்று வைத்த குறி அது.

பார்த்ததும் புரிய வேண்டிய குறி, கற்றுக்கொடுத்துப் புரியவைக்கிற குறி என்று இரண்டு இருப்பது இங்கேதான் பிள்ளைகளுக்குப் பிடிபடும். ஆஸ்பத்திரிக் கழிவுப் பையில் கொக்கி கொக்கியாக மூன்று பிறை சேர்ந்தது போல ஒரு சின்னம் இருக்குமே, அதை 1966-ல் அமெரிக்காவில் டவ் நிறுவனத்தில் உருவாக்கியபோது, பார்த்தவர்களுக்கு எந்த அர்த்தமும் தோன்றக் கூடாது, ஆனால் மறக்கவும் கூடாது என்று தேடித்தான் பிடித்தார்கள். அர்த்தத்தை அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்பது கணக்கு. கதிர்வீச்சுக்கான மூன்று இதழ்ச் சின்னத்தில் இந்தக் கணக்கு உதைத்தது. கற்றுக்கொடுக்கப்படாதவர் கண்ணில் அது ஒரு மின்விசிறி. 2007-ல் சர்வதேச அணுசக்தி முகமை கூடுதலாக இன்னொரு சின்னத்தைக் கொண்டுவந்தது. மேலே கதிர், கீழே மண்டையோடு, ஓடுகிற மனிதன். அதை 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டிக் கேட்டுப் பார்த்த பிறகுதான் முடிவு செய்தார்கள். நம் குழாயடிப் பரீட்சையும் அதே வேலைதான், ஆள் மட்டும் குறைவு.

நிறத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் பிள்ளைகள் பலரும் விவசாயக் குடும்பமாக இருப்பார்கள். உணவுப் பொட்டலத்தில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி, அசைவத்துக்குப் பழுப்புப் புள்ளி என்று இருந்தது. நிறக்குருடு உள்ளவர்களால் பிரிக்க முடியவில்லை என்று அசைவத்துக்கு முக்கோணமாக மாற்றினார்கள். இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்து, எங்க வீட்டு மருந்து டப்பாவிலும் பச்சை இருக்கிறதே என்றான். பூச்சிமருந்து டப்பாவில் ஒரு சாய்சதுரம் இருக்கும், அதன் கீழ்ப் பாதியில் நிறம். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, அப்புறம் மஞ்சள், நீலம், கடைசியாகப் பச்சை. பச்சைக்கும் நஞ்சு என்றுதான் பொருள், வீரியம் குறைவு, அவ்வளவுதான். “அப்ப பச்சைன்னா குடிச்சா ஒண்ணும் ஆகாதா சார்?” வகுப்பே என்னைப் பார்த்தது. ஒரே வீட்டில், ஒரே அலமாரியில், பிஸ்கட் பொட்டலத்தின் பச்சையும் மருந்து டப்பாவின் பச்சையும். சட்டம் எழுதியவர்களின் மேசையில் இரண்டும் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். உங்கள் வகுப்புக்கு அடுத்த வேலை இதுதான் என்பேன், அந்தப் பச்சைக்குப் பதிலாக என்ன போடலாம் என்று. ஒரு எச்சரிக்கை: காலி டப்பாவைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள், யாராவது கழுவி எடுத்து வருவார்கள். போனில் எடுத்த படம் போதும்.

ரூபாய்க் குறியை விட்டுவிட வேண்டாம். வரைந்தவர் உதயகுமார், நம் கள்ளக்குறிச்சிக்காரர். 2010 ஜூலை 15 அன்று அரசு ஏற்றுக்கொண்டது. இதெல்லாம் சார்ட்டிலேயே இருந்திருக்கும். ஏற்ற நாளில் அந்தக் குறி எந்த கீபோர்டிலும் இல்லை என்பது இருந்திருக்காது. அவசரத்துக்கு எண் ஒன்றுக்கு இடப்பக்கச் சாவியில் உள்ள சின்னக் கீற்றின் இடத்தில் அதைப் பொருத்தி எழுத்துரு செய்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ரூபாய் மறைந்து வெறும் கீற்று நிற்கும். அப்படிக் கீற்றோடு நிற்கும் பழைய அரசுக் கோப்புகள் இன்றும் இணையத்தில் கிடைக்கின்றன, ஒன்றை பிரிண்ட் எடுத்து வகுப்பில் கொடுங்கள்.

மதிப்பெண் கேட்டிருந்தீர்கள். இறுதிப் படத்துக்குப் பத்துக்கு மூன்று போடுங்கள். எத்தனை பேரிடம் காட்டினார்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதி வைத்ததற்கு நான்கு. தூக்கிப் போட்ட தாள்களை வரிசையாக அடுக்கி, எது ஏன் மாறியது என்று சொன்னால் மீதி மூன்று. தட்டு வரைந்த குழு என்னிடம் 14 தாள்களைக் காட்டியது, அதில் ஒன்றில் டம்ளர் மின்னிக்கொண்டிருந்தது.

அன்புடன்.