தானே கூராகும் ஷேவர் பிளேடு: வாசகர் கேள்விகள்

கேள்வி: மின்சார ஷேவர் வாங்கிய பெட்டியில் "பிளேடு தன்னைத்தானே தீட்டிக்கொள்ளும்" என்று அச்சிட்டிருக்கிறது. உள்ளே சாணைக்கல் ஏதாவது வைத்திருக்கிறார்களா?
– வாசகர், திருச்சி

பதில்: தனியாகக் கல் எதுவும் இல்லை. ஷேவரின் வெளித்தகடுதான் அதற்குச் சாணை.

முகத்தில் படுகிற மெல்லிய தகட்டில் துளைகளும் கீறல் போன்ற திறப்புகளும் இருக்கும். அந்தத் தகடு அசையாது. அதன் உட்புறத்தை ஒட்டியபடி பிளேடு ஓடும். 1939-இல் பிலிப்ஸ் பொறியாளர் அலெக்சாண்டர் ஹோரோவிட்ஸ் வடிவமைத்த வகையில் பிளேடு வட்டமாகச் சுழலும். 1950-இல் வந்த பிரான் (Braun) நிறுவனத்தின் எஸ் 50 போன்ற ஃபாயில் வகையில், வளைந்த வலைத்தகட்டுக்கு அடியில் பக்கவாட்டில் போய் வரும். இரண்டிலும் வேலை ஒன்றுதான்: துளைக்குள் நுழைந்த முடி, தகட்டின் விளிம்புக்கும் பிளேடின் விளிம்புக்கும் நடுவே அகப்பட்டுத் துண்டாகிறது. பாக்குவெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அலகுகள் உரசிக்கொண்டு போனால் சீவல் விழும். ஆணி தளர்ந்தால் எவ்வளவு கூராக இருந்தாலும் பாக்கு நசுங்கும்.

பிளேடின் வெட்டும் விளிம்பு என்பது இரண்டு முகங்கள் கூடும் மூலை. ஒன்று தகட்டோடு உரசும் தட்டையான மேல்முகம். மற்றது முடியை எதிர்கொள்ளும் முன்முகம். முடியை வெட்ட வெட்ட அந்த மூலை மழுங்கி உருளும். ஆனால் அடியில் உள்ள ஸ்பிரிங் பிளேடைத் தகட்டின்மீது விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் மேல்முகம் மிக மிகச் சிறிதளவு தேய்ந்துகொண்டே வரும். உருண்ட பகுதியும் அதோடு தேய்ந்து போவதால், கீழே தேயாமல் இருக்கும் முன்முகமும் புதிய மேல்முகமும் மறுபடி கூரான மூலையில் சந்திக்கின்றன. தேய்ந்த உயரத்தை ஸ்பிரிங் மேலே தள்ளி ஈடுகட்டிவிடும். பட்டறைகளில் இரண்டு பரப்புகளை ஒன்றோடொன்று தேய்த்துப் படிய வைப்பதை லேப்பிங் என்பார்கள். ஷேவர் ஒவ்வொரு முறை ஓடும்போதும் அதுதான் நடக்கிறது.

கூர்மையைவிட இப்படிப் பொருந்திப் படிவதுதான் முக்கியம் என்பது என் கருத்து. தாடி முடியின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. பிளேடுக்கும் தகட்டுக்கும் நடுவே அதில் ஒரு சிறு பங்கு இடைவெளி விழுந்தாலே முடி அறுபடாமல் மடங்கி உள்ளே இழுபடும். "ஷேவர் முடியைப் பிடுங்குகிறது" என்று புகார் சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அழுக்கையும் சார்ஜையும்தான். பிளேடு மழுங்கியதா என்று பார்ப்பது அதன் பிறகு.

கேள்வி: சுழல் ஷேவரின் மூன்று தலைகளையும் ஒரேயடியாகக் கழற்றிக் கழுவி மாட்டினேன். அன்றிலிருந்து சரியாக மழிக்கவில்லை. கழுவியது தப்பா?
– வாசகர், கோவை

பதில்: கழுவியதில் தப்பில்லை, பிளேடுகள் இடம் மாறியிருக்கும். ஒவ்வொரு பிளேடும் தன் தகட்டோடு மாதக்கணக்கில் உரசி, அதன் மேடு பள்ளத்துக்கு ஏற்பப் படிந்திருக்கும். வேறு தகட்டில் போட்டால் சில இடங்களில் மட்டுமே தொடும். புது ஜோடி மறுபடி படியச் சில வாரங்கள் ஆகலாம். பொறுமையாக அப்படியே பயன்படுத்துங்கள், தினமும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் எந்த ஜோடியும் படியாது.

இனிமேல் ஒரு தலையைக் கழற்றி, கழுவி, மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுத் திரவ சோப்பு விட்டால் முகத்து எண்ணெயும் முடித்தூளும் சேர்ந்த பசை கரையும். தண்ணீரை உதறுங்கள், வாஷ்பேசின் விளிம்பில் தட்டாதீர்கள். ஃபாயில் தகட்டில் பிரஷ் படவே கூடாது. உப்புத்தண்ணீர் வரும் வீடுகளில் கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் காய்ந்த உப்பு திறப்புகளில் படிந்து பிளேடைத் தகட்டிலிருந்து தூக்கிவிடும்.

கேள்வி: எண்ணெய் விட வேண்டுமா? தேங்காய் எண்ணெய் போதுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தேங்காய் எண்ணெய் வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும், நாளானால் சிக்கும் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய்தான் சரி. சோப்புப் போட்டுக் கழுவும் ஃபாயில் ஷேவருக்கு வாரம் ஒருமுறை, காய்ந்த தகட்டின்மேல் ஒரு சொட்டு. சில நொடிகள் ஓட விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் விட்டால் உரசல் நின்று தீட்டுதலும் நின்றுவிடுமோ என்ற பயம் தேவையில்லை. காய்ந்த உரசலில் உலோகம் சூடேறிப் பிய்ந்து, விளிம்பு பிசிறு தட்டும். ஷேவ் செய்து முடிக்கும்போது தகடு சுடுகிறது என்றால் எண்ணெய் வற்றிவிட்டது என்று பொருள். கிருதா வெட்டும் சிறு டிரிம்மர் பற்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு சொட்டு போதும்.

கேள்வி: தானே தீட்டிக்கொள்ளும் என்கிறார்கள், பிறகு தலையை மாற்று என்றும் சொல்கிறார்கள். இது வியாபாரத் தந்திரம்தானே?
– வாசகி, மதுரை

பதில்: இல்லை. தீட்டுவது என்றாலே உலோகத்தைச் செலவழிப்பது. பிளேடின் உயரம் குறையக் குறைய ஸ்பிரிங்கின் அழுத்தம் தளரும். அதைவிட முன்னால் தீர்ந்துபோவது தகடு. ஃபாயிலின் மொத்தக் கனமே ஏறத்தாழ 0.05 மி.மீ. அதை உட்புறமிருந்து பிளேடு தேய்த்துக்கொண்டே இருக்கிறது, பானசோனிக்கின் சில மாடல்களில் நிமிடத்துக்கு 14,000 முறை. அதனால்தான் அந்த நிறுவனம் வெளித்தகட்டை ஆண்டுக்கு ஒருமுறையும் உள்பிளேடை 2 ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்கிறது. பிரான் 18 மாதம் என்கிறது. பிலிப்ஸ் சுழல் தலைகளுக்கு 2 ஆண்டு.

தேதியைப் பார்த்து மட்டும் மாற்ற வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை ஃபாயிலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒரு துளை பக்கத்துத் துளையோடு கீறலாக இணைந்திருந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள், அந்தக் கிழிசல் தோலை அறுக்கும். மாற்றும்போது தகடும் பிளேடும் சேர்ந்தே புதிதாக இருந்தால் விரைவில் படியும்.

கேள்வி: பற்பசை தடவி ஓட விட்டால் கூராகும் என்கிறார்களே?
– வாசகர், சேலம்

பதில்: ஃபாயிலில் ஒருபோதும் செய்யாதீர்கள். பசையிலுள்ள நுண்துகள் மெல்லிய தகட்டைத்தான் முதலில் தின்னும். சுழல் தலையில் ஓரளவு பலன் தெரியலாம், ஆனால் உள்ளே தங்கிய துகள் அதன் பிறகும் அரைத்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: தலைமுடி வெட்டும் டிரிம்மர் பிளேடும் இப்படித்தானா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: அடிப்படை அதேதான், ஆனால் பொருத்தம் உங்கள் கையில் இருக்கிறது. கழற்றி மாட்டும்போது நகரும் பிளேடின் பல்நுனி, அசையாப் பிளேடின் பல்நுனிக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் பின்னால், அதற்கு இணையாக நிற்க வேண்டும். முன்னே நீட்டிக்கொண்டால் தோலை வெட்டும். சலூன் மெஷின்களில் இரு பிளேடுகளையும் நடுவில் சற்றுக் குழிவாகச் சாணை பிடித்திருப்பார்கள். பல்நுனியும் பின்பகுதியும் மட்டுமே ஒன்றையொன்று தொடும். வீட்டுச் சாணைக்கல்லில் தட்டையாகத் தேய்த்தால் அந்தக் குழிவு போய், முடி பற்களுக்கு நடுவே மடங்கும். மழுங்கிவிட்டால், இந்த வேலை தெரிந்த சாணைக்காரரிடம் இரண்டு பிளேடுகளையும் சேர்த்தே கொடுங்கள்.