சுந்தர் பிச்சை யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்?

கேள்வி: கூகுள் நிறுவனம் 1,500 கோடி டாலர் செலவில் அமைக்கும் செயற்கை நுண்ணறிவு மையம் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை தாய்மண்ணை மறந்துவிட்டார் என்று எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் குமுறுகிறார்கள். அவருடைய தலைமையைப் பற்றி உங்கள் கருத்து என்ன?
- வாசகர், மேற்கு மாம்பலம், சென்னை

பதில்: 2025 அக்டோபரில் அந்த அறிவிப்பு வந்ததிலிருந்து இந்தக் குமுறல் தமிழ்நாட்டில் அரசியல்வாதிகளின் அறிக்கைகளிலும் ஒலித்துவிட்டது. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. பத்து ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியை நாம் நம் வீட்டுப் பிள்ளையாக மட்டுமே பார்த்துவந்தோம். இன்று அதே உறவை வைத்துக்கொண்டு அவரைத் துரோகி என்கிறோம். அன்றைய பெருமிதமும் சரி, இன்றைய கோபமும் சரி, அவர் செய்கிற வேலையைப் பார்த்துப் பிறந்தவை அல்ல.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பிச்சை கூகுளின் முதலாளி அல்லர். சம்பளத்துக்குப் பணிபுரிகிற நிர்வாகி. தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் வாக்குரிமையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு இன்றளவும் லாரி பேஜ், செர்கே பிரின் என்கிற இரு நிறுவனர்களின் கையில்தான் இருக்கிறது. பல ஆயிரம் கோடி டாலர்களை எங்கே கொட்டுவது என்று தீர்மானிக்கும்போது அவர் பார்க்க வேண்டியவை நிலம், மின்சாரம், தண்ணீர், கடலடி கேபிள் கரையேறுவதற்கான வசதி, மாநில அரசு தருகிற சலுகைகள் ஆகியவையே. பிறந்த ஊருக்கு நன்றிக்கடன் செலுத்துவதற்காகப் பங்குதாரர்களின் பணத்தை அவர் எடுத்திருந்தால், அது நேர்மையான நிர்வாகிக்கு அழகாகாது.

இன்னொன்றையும் உங்கள் நண்பர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். கணினிகளை வரிசை வரிசையாக அடுக்கி இயக்கும் இத்தகைய தரவு மையங்கள் கட்டப்படும் காலத்தில் பலருக்கு வேலை தரும். கட்டி முடித்த பிறகு அவற்றை இயக்கச் சிலரே போதும். மின்சாரமும் குளிரூட்டுவதற்கான வசதியும் மட்டும் ஓயாமல் தேவைப்படும். 2019 கோடையில் நம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த நகரம் இது. நமக்கு வராமல் போனது எது, வந்திருந்தால் நாம் கொடுத்திருக்க வேண்டிய விலை என்ன என்று கணக்குப் பார்க்காமலேயே ஏமாந்துவிட்டதாகப் புலம்புவதில் பொருளில்லை. உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று நம்மிடமே இருக்கிறது. 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் கூகுளின் மவுண்டன் வியூ அலுவலகத்துக்கே சென்றிருந்தபோது, ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழியாக 20 லட்சம் இளைஞர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுத் திறன் பயிற்சி அளிக்கும் நோக்கத்துடன் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதில் எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்று கோட்டையைப் பார்த்துக் கேளுங்கள்.

இனி, அவருடைய தலைமைக்கு வருகிறேன். பிச்சை 2004இல் கூகுளில் சேர்ந்தார். 2008இல் குரோம் வெளியானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2013இல் ஆண்ட்ராய்டு அவர் பொறுப்புக்கு வந்தது. 2015இல் கூகுளுக்கும், 2019 டிசம்பரில் ஆல்ஃபபெட்டுக்கும் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். கூச்சலிடாமல், யாரையும் பகைத்துக்கொள்ளாமல், பல அணிகளை ஒரே திசையில் நடத்திச் செல்லும் அந்தத் திறமை அசலானது; அதை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் அவரைப் பற்றி உலகம் சொல்லிவந்த தீர்ப்புகளைக் கவனியுங்கள். 2023 பிப்ரவரியில் பார்ட் என்ற உரையாடல் செயலியின் விளம்பரத்தில் ஒரு தவறான தகவல் இடம்பெற்றதும், ஒரே நாளில் நிறுவனத்தின் சந்தை மதிப்பு சுமார் 10,000 கோடி டாலர் சரிந்தது. அடுத்த ஆண்டு கூகுளின் செயற்கை நுண்ணறிவுச் செயலியான ஜெமினி வரைந்த படங்கள் சர்ச்சையானபோது, அவர் பதவி விலக வேண்டும் என்றே சிலர் எழுதினார்கள். 2025 செப்டம்பரில் அதே நிறுவனத்தின் மதிப்பு 3 லட்சம் கோடி டாலரைத் தாண்டியபோது, அவரைத் தொலைநோக்காளர் என்று பாராட்டினார்கள். பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்தோடு ஏறி இறங்குகிற இந்த அபிப்பிராயத்தை நாமும் கடன் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

நான் வேறு இடங்களில் பார்க்கிறேன். 2023 ஜனவரியில் ஆல்ஃபபெட் 12,000 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. அந்த நிலைக்குக் கொண்டுவந்த முடிவுகளுக்குத் தாமே முழுப் பொறுப்பேற்பதாகப் பிச்சை ஊழியர்களுக்கு எழுதினார். சில மாதங்களில், 2022ஆம் ஆண்டுக்கு அவருக்கு அளிக்கப்பட்ட ஊதியத் தொகுப்பின் மதிப்பு ஏறத்தாழ 22.6 கோடி டாலர் என்று தெரியவந்தது. அதில் பெரும்பகுதி மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வழங்கப்படும் பங்குகள்தான். அதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும், பொறுப்பேற்பதாகச் சொன்னவர் அதன் சுமையில் எதைத் தாம் ஏற்றுக்கொண்டார் என்று வேலையிழந்த ஒருவர் கேட்டால், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

2018இல் அமெரிக்க ராணுவத்துக்கான ஒரு திட்டத்தை எதிர்த்து ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டபோது, ஆயுதங்களுக்காகச் செயற்கை நுண்ணறிவை உருவாக்க மாட்டோம் என்ற கொள்கையைப் பிச்சையே தம் பெயரில் வெளியிட்டார். 2025 பிப்ரவரியில் அந்த உறுதிமொழி கூகுளின் கொள்கைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு தலைவரின் சொல்லுக்கு ஏழு ஆண்டுகள்கூட ஆயுள் இல்லையென்றால், அது விசாகப்பட்டினத்தைவிடப் பெரிய செய்தி அல்லவா?

சென்னைக்காரர்கள் கோபப்பட நியாயமான காரணம் ஒன்று உண்டு. அதை உங்கள் அலுவலகத்தில் யாராவது பேசினார்களா என்று தெரியவில்லை. இந்தியாவில் விற்கும் ஸ்மார்ட்போன்களில் மிகப் பெரும்பாலானவை ஆண்ட்ராய்டில் இயங்குபவை. அவற்றுக்குச் செயலிகள் வந்து சேர்கிற தலைவாசல் பிளே ஸ்டோர். செயலிக்குள் சந்தா வசூலிக்கிற நிறுவனங்களிடம் கூகுள் 15 முதல் 30 சதவீதம் வரை கட்டணம் கேட்டது; அந்தப் பணத்தைத் தன் வசூல் முறை வழியாகவே வாங்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தியது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் இந்தக் கட்டாயத்துக்காக 936 கோடி ரூபாய் அபராதம் விதித்த பிறகு, வேறு வழியில் பணம் வசூலிக்க இடம் தந்துவிட்டு, அதற்கும் 11 முதல் 26 சதவீதம் வரை கேட்டது. நம் ஊர் நிறுவனமான பாரத் மேட்ரிமோனி உள்ளிட்டவை சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றன. உச்ச நீதிமன்றமும் இடைக்கால நிவாரணம் தர மறுத்தது. 2024 மார்ச் 1, வெள்ளிக்கிழமை, பத்து இந்திய நிறுவனங்களின் செயலிகளை பிளே ஸ்டோரிலிருந்து கூகுள் நீக்கத் தொடங்கியது. பிள்ளைக்கு வரன் தேட அன்று புதிதாக அந்தச் செயலியை இறக்கிக்கொள்ள நினைத்த பெற்றோருக்கு, பிளே ஸ்டோரில் எத்தனை முறை தேடியும் அது அகப்பட்டிருக்காது. மத்திய அமைச்சர் தலையிட்ட பிறகே, சில நாட்களில், அவை தற்காலிகமாகத் திரும்பின.

மூன்று ஆண்டுகள் அவகாசம் கொடுத்தோம், பாதுகாப்புக்கும் பராமரிப்புக்கும் செலவாகிறது, பெரும்பாலான நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றுக்கொண்டுவிட்டன என்பது கூகுளின் வாதம். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. சட்டப்படி அன்று அதைத் தடுக்கும் உத்தரவு எதுவும் இல்லை. ஆனாலும் மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும்போதே, எதிர்த்தரப்பின் வியாபாரத்தையே ஒரே நாளில் மறைத்துவிடும் வலிமை தன்னிடம் உண்டு என்று காட்டிய நிறுவனத்தின் தலைவர் அவர். அமெரிக்காவிலும் 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடுபொறிச் சந்தையில் கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். கைபேசிகளிலும் உலாவிகளிலும் தன் தேடுபொறியே முதலில் நிற்பதற்காக 2021ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் செலவிட்டது அந்த வழக்கில்தான் வெளியே வந்தது. இவையெல்லாம் பிச்சையின் பதவிக்காலத்தில், அவர் பொறுப்பில் நடந்தவை. நிறுவனத்தை வளர்த்ததில் அவர் வெற்றி பெற்றவர்; அந்த வளர்ச்சி தந்த அதிகாரத்தை அடக்கமாகப் பயன்படுத்துவதில், என் பார்வையில், அவர் தேறவில்லை. வழக்கு முடியும்வரை அந்தச் செயலிகளை விட்டுவைக்க அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அமைச்சர் பேசும்வரை அந்த வார்த்தை வரவில்லை.