சைட் இன்ஜினியர் ஃபிடிக் ஒப்பந்தத்தில் எதை முதலில் படிக்க வேண்டும்?

கேட்டிருக்கும் தம்பி ஊட்டிக்காரர். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் சுரங்கப் பணியில் சேரப் போகிறார், ஃபிடிக் (ஆலோசனைப் பொறியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு வெளியிடும் மாதிரி கட்டுமான ஒப்பந்தம்) புத்தகம் முழுவதும் படிக்க வேண்டுமா என்கிறார்.

நான் குன்னூர். பில்லிங், கிளைம் வேலையில் பதினெட்டு வருடம். முழுவதையும் மெதுவாகப் படியுங்கள் தம்பி, முதலில் 28 நாள் விதியைப் படியுங்கள். ஃபிடிக்கின் சிவப்புப் புத்தகம் என்கிற கட்டுமான ஒப்பந்தத்தின் 1999 பதிப்பில் அது பிரிவு 20.1, 2017 பதிப்பில் 20.2. கூடுதல் நாளோ பணமோ கேட்க வேண்டிய ஒன்று நடந்தால், அது ஒப்பந்ததாரருக்குத் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். தவறினால் கேட்கும் உரிமையே போய்விடும்.

கோத்தகிரிப் பக்கம் வெளிநாட்டுக் கடனில் நடந்த சாலை வேலை ஒன்று. ஐப்பசி மழையில் வெட்டிய சரிவு இறங்கியது. மண்ணை அள்ளினால் உள்ளே ஊற்று. போட்டோ எடுத்தோம், தினசரி ரிப்போர்ட்டில் எழுதினோம். கன்சல்டன்ட் வந்து பார்த்து, "செய்யுங்க, பார்த்துக்கலாம்" என்றார். தடுப்புச் சுவரைக் கட்டி முடித்த பிறகுதான் கடிதம் போட்டேன். 41-ஆம் நாள். ஒரு ரூபாய் வரவில்லை. ரிப்போர்ட்டில் எழுதியது நோட்டீஸ் ஆகாது. முன்னேற்ற அறிக்கையில் எழுதியதே நோட்டீஸ் ஆகாது என்று 2017 பதிப்பின் 4.20 வெளிப்படையாகவே சொல்கிறது.

அப்புறம், மழை வேறு, மண் வேறு. 1999 பதிப்பில் அசாதாரண வானிலைக்கு 8.4-இன்படி நாள் மட்டும்தான் கிடைக்கும். எதிர்பாராத நிலத்தடி நிலைமைக்கு 4.12-இன்படி நாளும் செலவும் கிடைக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியதை அசாதாரணம் என்று வாதாடலாம். குன்னூரின் கார்த்திகை மழையை அப்படிச் சொன்னால் எடுபடாது.

'எதிர்பாராதது' என்பதற்கும் அளவுகோல் உண்டு: அனுபவமுள்ள ஒப்பந்ததாரர் டெண்டர் சமயத்தில் ஊகித்திருக்க முடியாததாக இருக்க வேண்டும். ஜிப்ரால்டர் விமான நிலையச் சுரங்கச் சாலை வழக்கில் ஒப்ராஸ்கான் என்ற ஸ்பெயின் நிறுவனம், மாசுபட்ட மண் நினைத்ததைவிட அதிகம் என்றது. கொடுத்த ஆய்வறிக்கையை மட்டும் நம்பியிருந்தது போதாது, அந்த இடத்தின் வரலாறே எச்சரித்திருக்கும் என்று 2014-இல் லண்டன் நீதிமன்றம் அதை மறுத்தது. 2015 மேல்முறையீட்டிலும் ஒப்பந்ததாரர் தோற்றார். 2009 நவம்பர் சரிவுகளைப் பார்த்த நீலகிரியில், மண் இறங்கியதை மட்டும் காட்டி 'எதிர்பாராதது' என்று ஜெயிப்பது கஷ்டம். எங்கள் ஊற்றைப் பற்றியே, மேலே தேயிலை பறிக்கும் அக்கா ஒருவர், "அங்க எப்பவும் தண்ணி கசியுமே" என்றார். டெண்டருக்கு முன்னால் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

இந்தியச் சட்டம் பொருந்தும் ஒப்பந்தம் என்றால் கெடு தாண்டினால் உரிமையே போய்விடும் என்ற நிபந்தனை செல்லாது என்று, 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவை வைத்து வாதாட இடமுண்டு. சரி, அது வக்கீல் பாடு, வருடக்கணக்கில் போகும். கடிதம் ஒரு மணி நேர வேலை.

சேர்ந்த முதல் வாரமே சிறப்பு நிபந்தனைகளை, அதாவது அந்த வேலைக்கென்று பொது விதிகளில் செய்த திருத்தங்களை, வாங்கிப் பாருங்கள். 28-ஐ 14 என்று திருத்தி வைத்திருக்கலாம்.