கார்த்திகையும் தேளின் வாலும்

ஐயா, சேமித்த பணத்தில் 150 மடங்கு பெருக்கும் தொலைநோக்கி ஒன்று வாங்கினேன். கார்த்திகை விண்மீன் கூட்டத்தைப் பார்த்தால் அங்குமிங்குமாகச் சில வெள்ளிகள் மட்டுமே தெரிகின்றன. கருவி பழுதா? கைத்தொலைபேசியில் படம் எடுக்க வழி உண்டா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

அன்புள்ள தம்பி,

கருவியில் பழுதில்லை; பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பியதுதான் பழுது. கார்த்திகை ஏறத்தாழ 2 பாகை, அதாவது நான்கு முழுநிலவு அகலத்துக்குப் பரந்து கிடக்கிறது. 150 மடங்கில் உங்களுக்கு அகப்படும் வானம் ஒரு நிலவின் அகலம்கூட இராது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலை வேலிப் பொத்தலுக்குள்ளால் பார்த்துவிட்டு, சனத்தைக் காணவில்லை என்கிறீர்கள். ஒரே முகிலில் பிறந்து தளர்வாகச் சேர்ந்திருக்கும் இத்தகைய திறந்த கொத்துகளுக்குச் சுற்றியுள்ள இருண்ட வெளியும் வேண்டும். அது தெரியாவிட்டால் கொத்தும் தெரியாது. இருப்பவற்றில் மிகக் குறைந்த பெருக்கம் தரும் கண்வில்லையை மாட்டுங்கள். 10 மடங்குப் பைனாகுலர் இரவலாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. படம் எடுக்கும் கதை இப்போது வேண்டாம். முதலில் கண் பழகட்டும்.

ஐரோப்பா போன்ற வடதேசத்து நூல்களைப் படித்துவிட்டு நம்மவர்கள் கார்த்திகையையே கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு நெடுநாள் எரிச்சல். அது முன்னிரவில் உயரும் மாரியில் வன்னி முழுவதும் மழைமுகில். ஆடி, ஆவணியில் முகில் விலகும்போது தெற்கே நிற்பது தேளின், அதாவது விருச்சிக விண்மீன் கூட்டத்தின், வாலருகே உள்ள கொத்து. பண்டைய வானியலாளர் தொலமி 2 ஆம் நூற்றாண்டிலேயே குறித்து வைத்த அதை, பிரெஞ்சு வானியலாளர் மெசியே 1764 இல் தம் பட்டியலில் 7 ஆம் எண்ணாகச் சேர்த்தார். அவருடைய பாரிசில் அது அடிவானத்திலிருந்து 6 பாகைதான் எழும்பும். நமக்கோ ஏறத்தாழ 46 பாகை!

மின்சாரமே இல்லாத காலத்தில், சிறுபோகச் சூடடிப்பு நடந்த இரவுகளில், உழவு இயந்திரத்தை நிறுத்தி விளக்கை அணைத்த பின்பு, மாமா களத்தில் படுத்தபடி அந்த வெண்திட்டைக் காட்டுவார். "நேரே முழிச்சுப் பாக்காதை, கொஞ்சம் விலத்திப் பார்" என்பார். விலத்திப் பார்த்தால் திட்டு தனித்தனி வெள்ளிகளாக உடையும். மங்கிய ஒளியை உணரும் கலங்கள் விழித்திரையின் நடுவில் இல்லாமல் விலகி இருப்பதே காரணம் என்பதைப் பிற்காலத்தில் படித்தேன். மாமா எந்த நூலையும் படித்தவரல்லர்.

ஆகவே நிலவில்லாத இரவில், தேளின் கொடுக்கிலுள்ள மூல நட்சத்திரத்திலிருந்து, நீட்டிய கையில் மூன்று விரல் அகலம் கிழக்கே, சற்று வடக்காகத் தேடுங்கள். ஆடிவரை பொறுக்க முடியாவிட்டால் மாசி விடியற்புறம் தென்கிழக்கில் பார்க்கலாம். கண் இருளுக்குப் பழக, கைத்தொலைபேசியை அரைமணி நேரமாவது மூடி வையுங்கள். குளக்கட்டுக்குத் தனியே போய் யானையிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். முற்றத்து மின்குமிழை அணைத்தாலே போதும்.