வாசகர் கேள்வி: பிறர் நிலத்தில் கூடாரம் அடிக்கலாமா?

கேள்வி: எடின்பரோவில் படிக்கும் மகனைப் பார்க்க நானும் என் கணவரும் மே மாதம் செல்கிறோம். ஸ்காட்லாந்து மலைகளிலும் ஏரிக்கரைகளிலும் யாரிடமும் கேட்காமலே கூடாரம் அடித்துத் தங்கலாம் என்கிறான் மகன். பிறருக்குச் சொந்தமான நிலத்தில் அப்படித் தங்குவது முறையா?
– வாசகி, மதுரை

பதில்: உங்கள் மகன் சொல்வது பெரும்பாலும் சரி. 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், ஸ்காட்லாந்தின் பெரும்பகுதி நிலத்தில், அது தனியாருடையதாக இருந்தாலும், நடக்கவும் கூடாரமிட்டுத் தங்கவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது; வெளிநாட்டவருக்கும் இது பொருந்தும். ஆனால் பொறுப்போடு நடந்துகொள்ளும் வரைதான் இந்த உரிமை செல்லும் என்பதையும் அதே சட்டம் சொல்கிறது. பலர் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள் என்பதே என் வருத்தம்.

பயிர் நிற்கும் வயல், கால்நடை மேயும் வேலியிட்ட நிலம், வீடுகளின் அருகாமை, சாலையோரம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். சிறு கூடாரமாக, சிலர் மட்டுமாக, ஓரிடத்தில் இரண்டு அல்லது மூன்று இரவுகளுக்கு மேல் தங்காமல் நகர்ந்துவிட வேண்டும். காரிலோ வேனிலோ படுத்துறங்குவதற்கு இந்த உரிமை கிடையாது. நீங்கள் செல்லும் மாதத்தை எண்ணி இன்னொன்றும் சொல்ல வேண்டும்: லோமண்ட் ஏரி – ட்ராசக்ஸ் தேசியப் பூங்காவில், கூட்டம் மிகுந்த சில கரைகளில் மார்ச் முதல் செப்டம்பர் வரை முன்அனுமதிச் சீட்டு வாங்கினால்தான் கூடாரமிட முடியும். சிலர் விட்டுச்சென்ற குப்பையும், எரிப்பதற்காக வெட்டப்பட்ட மரங்களும்தான் 2017-இல் இந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தன.

நெருப்பு விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. அங்குள்ள மலைச்சரிவுகளில் பல இடங்களில் மண் என்று நாம் மிதிப்பது, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கிச் சேர்ந்த தாவரப் படிவம். மேலே தீயை அணைத்துவிட்டோம் என்று நாம் புறப்பட்ட பிறகும் அது அடியில் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கக்கூடும். ஆகவே சிறிய கேஸ் அடுப்பே போதும். அதற்கான கேஸ் குப்பியை விமானத்தில் கொண்டுபோக முடியாது. அங்கே போய்த்தான் வாங்க வேண்டும்.

கேட்கத் தயங்கியிருப்பீர்கள், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மலம் கழிக்க நேர்ந்தால் ஓடை, ஏரியிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளிச் சென்று, கைக்கொத்தால் சிறு குழி தோண்டி மூடிவிட வேண்டும். துடைத்த காகிதத்தைப் புதைக்காமல் பையில் கட்டி எடுத்துவருவதே நல்லது, ஏனெனில் விலங்குகள் அதைத் தோண்டி வெளியே போட்டுவிடும்.

எல்லையைக் கடந்து இங்கிலாந்துக்குள் வந்துவிட்டால் நில உரிமையாளரின் அனுமதி தேவை. டார்ட்மூர் பொதுநிலங்கள் மட்டும் விலக்கு. அங்கே கூடாரமிடும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2025-இல் உறுதிசெய்தது.

கேள்வி: நார்வேயிலும் இதே விதிதானா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உரிமை அங்கும் உண்டு, 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆனால் அளவுகள் திட்டவட்டமானவை. ஆள் வசிக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும்; இரண்டு இரவுகளுக்கு மேல் தங்குவதானால், உயர்ந்த மலைகளும் ஒதுக்குப்புறங்களும் நீங்கலாக, உரிமையாளரிடம் கேட்க வேண்டும். விளைநிலத்தில் கூடாரமிட அனுமதியில்லை. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் அதன் அருகிலும் தீ மூட்டுவதற்குப் பொதுத் தடை இருப்பதால், கோடையில் செல்பவர்கள் விறகடுப்புச் சமையலைத் திட்டத்திலேயே சேர்க்காதிருப்பது நல்லது.