பம்பிள்பீ கோபி மீன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: அண்ணா, நாலு நாளாக ஃப்ளேக்ஸ் (காய்ந்த செதில் தீனி) போடுகிறேன், கோபி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பார்க்காது தம்பி. தாய்லாந்து, மலேசியா, போர்னியோ பக்கம் கழிமுகச் சேற்றில் உட்கார்ந்து, முன்னால் ஊர்வதைப் பிடித்துத் தின்கிற மீன் இது, அசையாததை இரையாகவே எடுத்துக்கொள்ளாது. ஆர்டீமியா (உப்புநீர்ப் பொடி இறால்) குஞ்சு, டாஃப்னியா (தண்ணீர்ப் பூச்சி), கொசுப்புழு என்று உயிரோடு கொடுங்கள். அப்புறம் உறைந்த பிளட்வார்மை (சிவப்புப் புழு) இடுக்கியில் பிடித்து மூக்குக்கு நேரே லேசாக ஆட்டுங்கள், தலையை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று கவ்வும். தீனிக்கு வழி செய்யாமல் இந்த மீனை வாங்காதீர்கள்.

கேள்வி: கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது, நோயா?

இல்லை. வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் சேர்ந்து உறிஞ்சு கிண்ணமாக இருக்கிறது, அதனால் ஒட்டும்.

கேள்வி: தண்ணீரில் உப்பு போட வேண்டுமா?

லிட்டருக்கு 3 முதல் 5 கிராம் மெரைன் சால்ட் (கடல்மீன் தொட்டிக்கான உப்பு). சமையல் உப்பு வேண்டாம், அதில் தண்ணீரின் காரத்தன்மையைத் தாங்கும் உப்புகள் இல்லை.

கேள்வி: உப்பே போடாமல் இரண்டு வருடமாக வளர்க்கிறேன், நன்றாகத்தானே இருக்கிறது? உப்பு என்பது கடைக்காரர் கட்டிய கதை.

கதை இல்லை சார். உங்கள் வீட்டில் போர் தண்ணீரா? அது கடினமான தண்ணீர் என்றால் பிழைத்துக் கிடக்கும். இந்தக் கூட்டத்தில் நன்னீரிலேயே வாழும் இனங்களும் உண்டு, கரி மண் சதுப்பின் மென்மையான தண்ணீரில் இருக்கும் சாந்தோமீலாஸ் இனம் அப்படித்தான். ஆனால் கடையில் வருவது பெரும்பாலும் டோரியே, சபானஸ் வகை, அவை உவர்நீரிலும் புழங்குபவை. எல்லாமே மஞ்சள் கறுப்புப் பட்டையாக இருப்பதால் பெயர்ப் பலகையை நம்பி இனத்தை முடிவு செய்ய முடியாது. உங்கள் மீன் தின்கிறது, நிறம் மங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், நான் மாற்றச் சொல்லவில்லை. ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றி வைத்திருப்பவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

கேள்வி: உப்பு எவ்வளவு போடணும்?

மேலே இருக்கிறது.

கேள்வி: கப்பி மீனோடு விடலாமா?

வேண்டாம். கோபி கப்பியின் வாலைக் கடிக்கும், கப்பி தீனியை முந்திக்கொள்ளும். கோபி மட்டும் ஆறேழாக விடுங்கள், ஒன்றையே துரத்தாமல் சண்டை பரவிப்போகும்.

கேள்வி: என் கோபியும் சாப்பிடவில்லை, ஃப்ளேக்ஸ்தான் போடுகிறேன்.

முதல் பதிலைப் படியுங்கள். உயிர்த் தீனி, உயிர்த் தீனி!

கேள்வி: முட்டை இடுமா?

இடும். காலிச் சிப்பியோ சின்னக் குழாயோ போட்டு வையுங்கள், பெண் உள்ளே முட்டையை ஒட்டிவிட்டுப் போகும், ஆண்தான் காவல். அப்போது குழாயை எடுத்துப் பார்க்காதீர்கள்.